பச்சைக் கல்லின் கறுப்புத் தோலை உரிக்கலாமா?

தும்பை எழுதியது:

வணக்கம். பாறைகளைப் பற்றிப் பள்ளிப் பாடத்துக்கு மேல் எனக்குத் தெரியாது. என் சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தவர். போன இடத்திலிருந்தெல்லாம் ஒரு கல்லாவது எடுத்து வருவார். அவர் காலமான பிறகு அந்தக் கல் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. பெரும்பாலும் கூழாங்கற்கள். இரண்டு மட்டும் பழைய கைக்குட்டையில் சுற்றித் தனியாக இருந்தன. கூடவே ஒரு சீட்டு. அதில் அவர் கையெழுத்தில் "டிரைசர் வையர், ஐஃபெல்". வேறு ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன். ஜெர்மனியில், கடலுக்குச் சம்பந்தமே இல்லாத எரிமலைப் பகுதியாம். கப்பல்காரர் அங்கே எதற்குப் போனார் என்று கேட்க இப்போது ஆள் இல்லை.

முதல் கல் என் முஷ்டி அளவு. வெளியே சொரசொரப்பான கறுப்புத் தோல், ஒரு விரல் நகத்தின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான தடிமன். ஒரு பக்கம் உடைந்திருக்கிறது. உள்ளே பச்சை! கற்கண்டுத் தூளை அழுத்திப் பிடித்த மாதிரி மணிமணியாக, வெயிலில் மின்னுகிறது. இரண்டாவது, கட்டைவிரலின் மேல் கணு அளவில் ஒற்றைக் கறுப்புப் படிகம். உடைந்த இடத்தில் கண்ணாடி போலப் பளபளப்பு. மற்ற பக்கங்கள் மழுங்கி, மங்கலாக, சின்னச் சின்னக் குழிகளுடன் இருக்கின்றன.

என் கேள்விகள். பச்சைக் கல் பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டிலிலிருந்து வந்தது என்று படித்தேன். உண்மையா? அவ்வளவு ஆழத்திலிருந்து உருகாமல் எப்படி வந்தது? கல் எரிமலைக் குழம்பைவிடக் கனமாக இருந்தால் மூழ்கித்தானே போக வேண்டும்? அந்தக் கறுப்புப் படிகமும் அங்கிருந்துதானா, அல்லது எரிமலைக் கண்ணாடியா? கடைசியாக, முக்கியமாக: கறுப்புத் தோலை உரித்துவிட்டுப் பச்சையை மட்டும் கண்ணாடிப் பேழையில் வைக்க ஆசை. சின்ன உளியால் தட்டினால் வருமா?

பாறைப்பித்தன் எழுதியது:

அடித்தது யோகம்! உங்கள் கையில் இருப்பது மேன்டில் பாறை. பெரிடோடைட் என்று பெயர். மனிதன் தோண்டியதிலேயே ஆழமானது ரஷ்யாவின் கோலா துளை, 12,262 மீட்டர். அதுவே மேலோட்டைத் தாண்டவில்லை. உங்கள் சித்தப்பா கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தது அதைவிடப் பல மடங்கு ஆழத்துச் சரக்கு. பச்சை மணிகள் ஆலிவின். அதுவே பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தால் பெரிடாட் என்ற ரத்தினம். கறுப்புப் படிகமும் மேன்டிலிலிருந்து வந்ததுதான், இரண்டும் ஒரே இடத்து ஆட்கள். தோல் வெறும் லாவா. மெல்லிய உளி வைத்துத் தட்டுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

சீவல்காரன் எழுதியது:

உளியைக் கீழே வையுங்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் புவியியல் பட்டம் வாங்கியவன் இல்லை. ஓர் ஆய்வுக்கூடத்தில் 26 வருடம் கல் அறுத்தவன். பாறையை வைர ரம்பத்தில் அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் சீவலாகத் தேய்த்துக் கொடுப்பேன். அந்தத் தடிமனில், லாவா ஆறி உறைந்த கரிய பசால்ட்டிலும் வெளிச்சம் ஊடுருவும். நுண்ணோக்கியில் பார்த்துக் கட்டுரை எழுதுவது மற்றவர்கள் வேலை. ஆனால் பார்க்காமல் தேய்க்க முடியாது. ஆலிவினின் நிறம் மாறுவதை வைத்துத்தான் தடிமன் சரியா என்று நிதானிப்போம். இப்படிப் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான் எனக்குத் தெரிந்ததெல்லாம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் உங்கள் கல் மாதிரியே ஏழு கல் வந்தது. கறுப்புத் தோல் பார்க்க நன்றாக இல்லையே என்று சுற்றிலும் அறுத்துத் தள்ளிவிட்டு, செங்கல் மாதிரி கச்சிதமாகப் பச்சையை மட்டும் தட்டில் அடுக்கினேன். நல்ல பெயர் வாங்கப் போகிறேன் என்று நினைப்பு. கல்லை அனுப்பியவர் வந்து பார்த்தார். "ஓரம் எங்கே?" என்று கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இரண்டு பேரும் கழிவு வாளியில் கைவிட்டுத் துழாவினோம். நான்கு ஓரங்கள் கிடைத்தன. எது எந்தக் கல்லுடையது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அன்றிலிருந்து இந்த மாதிரிக் கல் வந்தால் நான் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். நடுவில் இருப்பது கல் எங்கே பிறந்தது என்று சொல்லும். எப்படி வந்தது, எத்தனை நேரத்தில் வந்தது என்பதெல்லாம் பச்சையும் கறுப்பும் தொட்டுக்கொள்ளும் அந்த மெல்லிய கோட்டில்தான் பதிவாகியிருக்கும். நீங்கள் உரித்து எறியப் போவது அதைத்தான்.

சரி, நடுவிலிருந்தே தொடங்குவோம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டோமே, அதில் நாலு வகை இருக்க வேண்டும். மஞ்சள் கலந்த இளம்பச்சை ஆலிவின், பாதிக்கு மேல் அதுதான். பழுப்பும் வெண்கல நிறமுமாக, தட்டையான முகங்களில் மின்னுவது என்ஸ்டடைட் என்ற பைராக்சீன். அங்கங்கே மரகதம் போல அழுத்தமான பச்சை, அது குரோமியம் கலந்த டயாப்சைடு. கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பும் பழுப்புமாகத் தெறித்திருப்பது ஸ்பினல். நாலும் இருந்தால் அந்தப் பெரிடோடைட்டுக்கு லெர்சோலைட் என்று பெயர். பிரான்ஸ் பக்கத்துப் பிரனீஸ் மலையில் லெர் என்ற ஏரிக்கரையில் இதே பாறை மலையாகவே நிற்கிறது. அங்கிருந்து வந்த பெயர்.

இந்த ஸ்பினல் ஒரு நல்ல சாட்சி. லெர்சோலைட்டில் அலுமினியம் எந்தக் கனிமத்தில் போய் உட்காரும் என்பதை அழுத்தம்தான் முடிவு செய்கிறது. சுமார் 30 கிலோமீட்டருக்கு மேலே என்றால் ஃபெல்ஸ்பார், அதற்குக் கீழே ஸ்பினல், ஏறக்குறைய 70, 80 கிலோமீட்டரைத் தாண்டினால் கார்னெட். ஆகவே கார்னெட் இல்லாமல் ஸ்பினல் இருந்தால் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கோ இருந்த கல். ஐஃபெல் பகுதியில் மேலோடு சுமார் 30 கிலோமீட்டர் தடிமன். அதற்குச் சற்றுக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் நெருக்கமாகச் சொல்லச் சொன்னால் ஸ்பினல் கையை விரித்துவிடும்.

மேன்டில்தான் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? ஒரு காலத்தில் இதற்குச் சண்டையே நடந்தது. பசால்ட் குழம்பு ஆறும்போது கனமான ஆலிவின் அடியில் படிந்து கட்டியாகி, அடுத்த வெடிப்பில் மேலே வந்திருக்கலாமே என்று ஒரு கட்சி. 1954-ல் ராஸ், ஃபாஸ்டர், மையர்ஸ் மூவரும் உலகின் பல மூலைகளிலிருந்து இந்தக் கட்டிகளைச் சேர்த்து ஒப்பிட்டார்கள். தாய்ப் பசால்ட் எப்படிப்பட்டதாக இருந்தாலும் கட்டிக்குள் அதே நாலு கனிமங்கள், ஏறக்குறைய அதே ரசாயனம். ஒவ்வொரு குழம்பும் தன் அடியில் படியவைத்த வண்டல் என்றால் இப்படி ஒன்றுபோல இருக்க முடியாது. ஐஃபெல், அரிசோனாவின் சான் கார்லோஸ், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, சீனாவின் ஹன்னுவோபா, நம் கட்ச் பகுதியில் புஜ் நகரைச் சுற்றியுள்ள எரிமலைக் குன்றுகள், எங்கிருந்து வந்தாலும் இந்த நால்வர் அணி மாறாது. ஹவாயின் ஹுவலாலாய் எரிமலை 1800, 1801-ல் கக்கிய லாவாவில் கட்டிகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி நிஜமாகவே குழம்பு அடியில் படிந்து உண்டான வகை. எனவே அந்தக் கட்சியும் முழுக்கத் தோற்றுவிடவில்லை.

சீவலில் பார்த்தால் இன்னொரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். குழம்பில் தனியாக வளரும் ஆலிவினுக்கு நேரான முகங்கள் இருக்கும். இந்தக் கட்டிக்குள் இருக்கும் மணிகளோ மூன்று மூன்றாகச் சந்திக்கும் இடத்தில் ஏறக்குறைய 120 பாகைக் கோணத்தில் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும். சில மணிகளுக்குள் மடிப்பு விழுந்திருக்கும், இஸ்திரி போட்ட வேட்டியைக் கசக்கியது மாதிரி. திடமாக இருக்கும்போதே நெருக்கி, நசுக்கி, நெடுங்காலம் சூட்டில் கிடந்ததன் அடையாளம் அது.

இப்போது கறுப்புப் படிகம். இங்கேதான் பித்தனோடு எனக்கு வழக்கு.

படிகம் பெரிதாக இருந்தால் மெகாகிரிஸ்ட் என்பார்கள். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த சொல் இது ஒன்றுதான், ஏனென்றால் இது ஒன்றும் சொல்லவில்லை! "பெரிய படிகம்" என்பதோடு வாயை மூடிக்கொள்கிறது. மற்ற பெயர்கள் எல்லாம் தீர்ப்புகள். ஃபீனோகிரிஸ்ட் என்றால் இந்தக் குழம்பிலேயே வளர்ந்த வீட்டுப் பிள்ளை. செனோகிரிஸ்ட் என்றால் வேறெங்கோ வளர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது. செனோலித் என்றால் அப்படி வந்த பாறைத்துண்டு, கிரேக்கத்தில் "அந்நியக் கல்". உங்கள் பச்சைக் கல் சந்தேகமில்லாமல் செனோலித். கறுப்பானது அப்படியல்ல. பசால்ட்டில் கிடைக்கும் கரிய பெரிய படிகங்கள் அநேகமாக அலுமினியம் மிகுந்த ஆகைட் என்ற பைராக்சீன், அல்லது ஆம்பிபோல் என்ற வேறொரு கனிமம். மேன்டில் பாறையை உடைத்தால் விரற்கணு அளவுக் கறுப்பு ஆகைட் விழாது. அதில் உள்ள டயாப்சைடு பச்சை, அளவிலும் சின்னது. அப்படியானால் இது எங்கே வளர்ந்தது? குழம்பு, இதுவோ இதற்கு முன்னால் வந்த ஏதோ ஒன்றோ, ஆழத்தில் ஒரு விரிசலில் தேங்கி, அதிக அழுத்தத்தில் மெதுவாக ஆறும்போது வளர்ந்த படிகம். அப்புறம் அடுத்த குழம்பு வந்து அள்ளிக்கொண்டு போனது. மேன்டிலுக்குள் வளர்ந்திருக்கலாம், மேலோட்டின் அடியில் வளர்ந்திருக்கலாம். ஆனால் மேன்டில் பாறையின் துண்டு இல்லை. பச்சைக் கல் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தது என்றால், கறுப்பு அங்கே கூடாரம் போட்டு இருந்தது.

எரிமலைக் கண்ணாடியா என்று பார்க்க எடை போட்டாலே போதும். இப்படிச் செய்யுங்கள். தராசில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்து பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு. கல்லின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. கண்ணாடி 2.4 பக்கம் வரும். பைராக்சீன், ஆலிவின் எல்லாம் 3.2-க்கு மேல்.

மூழ்கும் விஷயம் கணக்கு. அதற்கு இங்கே வேறு ஆள் இருக்கிறார்.

நீள்கோடு எழுதியது:

கூப்பிட்டது கேட்டது.

தும்பை, உங்கள் கேள்வி சரியான கேள்வி. பெரிடோடைட்டின் அடர்த்தி சுமார் 3.3, பசால்ட் குழம்பு சுமார் 2.8. மூழ்கத்தான் செய்யும். எந்த நேரமும் மூழ்கிக்கொண்டேதான் வந்தது. மேலே ஏறும் நகரும் படிக்கட்டில் கீழ்நோக்கி நடக்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். கல் கீழே இறங்குகிறது, குழம்பு அதைவிட வேகமாக மேலே ஏறுகிறது.

தோராயக் கணக்கு. குழம்பின் பாகுத்தன்மை சாதாரணத் தேன் அளவு, அதாவது 10 பாஸ்கல் நொடி என்று எடுத்துக்கொள்வோம். முஷ்டி அளவுக் கல், ஆரம் 3 சென்டிமீட்டர். அது அந்தக் குழம்பில் நொடிக்கு 8 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். ஆகவே குழம்பு குறைந்தது அந்த வேகத்திலாவது ஏறியிருக்க வேண்டும். 60 கிலோமீட்டருக்கு ஒன்பது நாளுக்குள். இது உங்கள் கல்லுக்கு. அதே இடத்தில் கால்பந்து அளவுக் கல்லும் வந்திருந்தால் கணக்கு இறுகிவிடும். அது நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் இறங்கும், ஆகவே ஒன்றரை நாளுக்குள் பயணம் முடிந்திருக்க வேண்டும். பெரிய கல்தான் வேகமானி. சின்னக் கல் எதையும் நிரூபிக்காது, மெதுவாக ஏறும் குழம்பிலும் அது வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. குழம்பில் குமிழும் சிறு படிகங்களும் நிறைந்து கூழாகிவிட்டால் கல் மூழ்காமல் சிக்கி நிற்கவும் கூடும். அப்போது என் கணக்கு தேவைக்கு அதிகமான வேகத்தைச் சொல்லும். அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். கனிமங்களின் ஓரத்தில் இரும்பும் மக்னீசியமும் எவ்வளவு தூரம் ஊடுருவி இடம் மாறியிருக்கின்றன என்று அளந்து தனியாகவும் நேரம் கணிக்கிறார்கள். அதிலும் பெரும்பாலும் சில மணி நேரம், சில நாட்கள் என்றுதான் வருகிறது.

எல்லா பசால்ட்டும் இப்படிக் கொண்டுவராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மேலோட்டுக்குள் பெரிய அறையில் தேங்கி ஓய்வெடுத்து வரும் குழம்பு சுமையை அங்கேயே இறக்கிவிடும். சிலிக்கா குறைந்த, சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த, கொஞ்சமாக உண்டாகிற காரப் பசால்ட்டுகள்தான் கார்பன் டை ஆக்சைடு நிறைய கரைந்து, நிற்காமல் விரிசல் வழியே பாய்ந்து வருகின்றன. ஐஃபெல் எரிமலைகள் அந்த வகை.

பாறைப்பித்தன் எழுதியது:

சீவல்காரர் சொன்னதை ஏற்கிறேன். உளி யோசனையையும் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒரு விஷயம் சேர்க்கிறேன், மெகாகிரிஸ்ட் என்றாலே எனக்கு இதுதான் ஞாபகம் வரும். தாய்லாந்தின் சந்தபுரி, கம்போடியாவின் பைலின், ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதி நீலக்கற்கள் எல்லாம் இப்படிக் காரப் பசால்ட் ஏற்றி வந்தவை. பசால்ட் குழம்பில் நீலம் வளராது. வளராதது மட்டுமல்ல, குழம்பு அதைத் தின்னத் தொடங்கிவிடும். அந்தக் கற்களின் மேற்பரப்பு அரித்து மழுங்கி இருக்கும், சிலவற்றில் ஸ்பினல் தோல் போர்த்தியிருக்கும். வண்டி இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் சரக்கு கரைந்தே போயிருக்கும். இதற்கு நேர் எதிர், அண்டார்க்டிகாவின் எரெபஸ் மலை. அதன் குழம்பு பசால்ட் இல்லை, ஃபோனோலைட். அங்கே விரல் நீளத்துக்கு, அனார்த்தோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பார் படிகங்கள் அந்தக் குழம்பிலேயே வளர்ந்து, எரிமலை வீசும் குண்டுகளோடு வெளியே வந்து சரிவில் இறைந்து கிடக்கின்றன. அவை அசல் வீட்டுப் பிள்ளைகள்.

தும்பை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எடை போட்டேன்.

பச்சைக் கல்: எடை 412 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு 128 காட்டியது. வகுத்தால் 3.22. கறுப்புப் படிகம்: 31 கிராம், தண்ணீரில் 9. வகுத்தால் 3.44.

லென்ஸ் கிடைத்தது. நால்வரும் இருக்கிறார்கள்! மரகதப் பச்சையைப் பார்த்ததும் எனக்கு ஒரு துள்ளல், எண்ணினேன், உடைந்த முகத்தில் மட்டும் பதினொன்று. ஸ்பினல் முதலில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை.

இரண்டு சந்தேகம். ஒன்று, குழம்பின் சூட்டில் இது ஏன் உருகவில்லை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இரண்டு, கறுப்புப் படிகத்தில் ஆகைட்டா ஆம்பிபோலா என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

அப்புறம் ஒரு குற்ற ஒப்புதல். முதல் பதிலைப் படித்ததும் உளியால் ஒரு மூலையைத் தட்டிவிட்டேன். மறு பதில் வந்தது அதற்குப் பத்து நிமிடம் கழித்து. ஒரு சில்லு வந்துவிட்டது. தூக்கிப் போடவில்லை.

சீவல்காரன் எழுதியது:

சில்லு பத்திரமாக இருக்கிறதல்லவா, அப்படியானால் குற்றம் இல்லை. சொல்லப்போனால் உதவி. கடைசியில் அதற்கு வருகிறேன்.

3.22 அருமையான எண். பச்சை மட்டும் என்றால் 3.3 வர வேண்டும். சுற்றிலும் இருக்கும் பசால்ட் தோல் அதைவிட லேசானது, சராசரியை இழுத்துவிட்டது. 3.44-ஐ மட்டும் நம்பாதீர்கள். உங்கள் தராசு ஒரு கிராமுக்குக் கீழே பார்க்காது. 9 என்பது 8.6 ஆகவும் இருக்கலாம், 9.4 ஆகவும் இருக்கலாம். அதற்கேற்ப அடர்த்தி 3.3-லிருந்து 3.6 வரை போகும். கண்ணாடி இல்லை என்பது மட்டும் உறுதி. ஆகைட்டா ஆம்பிபோலா என்று தீர்க்க எடை உதவாது, பிளவைப் பாருங்கள். உடைந்த பளபளப்பில் தட்டையான படிகள் தெரிகிறதா? இரண்டு பிளவுத் தளங்கள் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்தித்தால், 87-ம் 93-மாக, அது பைராக்சீன். சாய்சதுரம் போல 56-ம் 124-மாகச் சந்தித்தால் ஆம்பிபோல். தட்டையான படிகளே இல்லாமல் கிளிஞ்சல் போல வளைந்து உடைந்திருந்தால் ஆகைட் பக்கம் சாயலாம். இந்த ஆழத்து ஆகைட்டுகள் பலசமயம் அப்படித்தான் உடையும். ஆம்பிபோலுக்குப் பிளவு கூர்மையாக இருக்கும், மறைக்காது. மழுங்கிய முகங்களும் குழிகளும் பித்தன் சொன்ன அதே கதை. ஆழத்தில் அழுத்தத்தோடு ஒத்துப்போன படிகம், அழுத்தம் குறைந்ததும் குழம்போடு பகையாகிவிட்டது.

உருகாத விஷயம். இங்கே இரண்டு சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும், உருகுவது, கரைவது. தேநீரில் சர்க்கரை கரைகிறது, உருகவில்லை. உருக வேண்டுமானால் கொதிநீரைவிட எவ்வளவோ அதிகச் சூடு தேவை. பசால்ட் குழம்பு ஏறக்குறைய 1,200 பாகை செல்சியஸ். இந்த ஆலிவின் தானாக உருக 1,700-க்கும் மேல் வேண்டும். கல்லும் குளிர்ந்த கல் இல்லை. மேன்டிலிலேயே 900, 1,000 பாகையில் கிடந்தது. நெருப்பில் விழுந்த ஐஸ் கட்டி மாதிரி நினைக்க வேண்டாம். ஆனால் கரைவது நடக்கும். எல்லாக் கனிமமும் ஒரே மாதிரி கரையாது, அதுதான் ஓரத்தின் ருசி.

அந்தச் சில்லை எடுங்கள். கறுப்பும் பச்சையும் சேரும் கோட்டை லென்ஸில் பாருங்கள். ஆலிவின் மணி கறுப்பைத் தொடும் இடம், பழுப்பு என்ஸ்டடைட் தொடும் இடம், இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பார்த்து எழுதுங்கள். என்ன தெரிய வேண்டும் என்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் அதுதான் தெரியும்.

தும்பை எழுதியது:

ஒரு மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். கழுத்து வலி.

ஆலிவின் கறுப்பைத் தொடும் இடம் சுத்தமாக இருக்கிறது. கத்தியால் வெட்டிய மாதிரி, நேராகக் கறுப்பு. பழுப்பு மணிகள் ஓரம் வரை வரும் இடம் மூன்று கிடைத்தது. மூன்றிலும் மணிக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய மங்கலான பட்டை, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன் இருக்கும். அரிசி மாவை ஈரத்தில் பூசினது போல. மின்னவில்லை. ஒரு இடத்தில் அந்தப் பட்டை மணியின் உள்ளே விரல் மாதிரி நீண்டிருக்கிறது. கல்லின் உள்ளே, ஓரத்திலிருந்து தள்ளியிருக்கும் பழுப்பு மணிகளில் இது இல்லை.

கறுப்புப் படிகத்தில் பிளவு ஒன்றும் கூர்மையாகத் தெரியவில்லை. வளைந்து வளைந்துதான் உடைந்திருக்கிறது.

சீவல்காரன் எழுதியது:

படிகம் ஆகைட் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள்.

பட்டை நீங்கள் பார்த்தபடியேதான். ஐஃபெல் குழம்பில் சிலிக்கா குறைவு, என்ஸ்டடைட்டில் சிலிக்கா அதிகம். மேன்டிலில் ஆழத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவரை அதற்கு ஒரு வம்பும் இல்லை. குழம்பு தொட்ட நிமிடத்திலிருந்து அது சிதையத் தொடங்கி, பொடியான ஆலிவினும் டயாப்சைடும் கொஞ்சம் கண்ணாடியுமாக மாறும். அந்தப் பொடிக் கலவைதான் உங்கள் மாவுப் பட்டை. ஆலிவினுக்கு அந்தக் குழம்போடு பெரிய விரோதம் இல்லை, அதனால் அது சுத்தமாக நின்றது. கண்ணுக்குத் தெரியாமல் அதன் ஓரத்தில் இரும்பு கொஞ்சம் ஊடுருவியிருக்கும், அதை அளக்கக் கருவி வேண்டும்.

பட்டை முடி தடிமனில் நின்றுவிட்டது பாருங்கள், அதுதான் பயண நேரம். குழம்பு வழியில் எங்காவது மாதக்கணக்கில் தங்கியிருந்தால் ஓரத்துப் பழுப்பு மணிகள் மிஞ்சியிருக்காது. நீள்கோடு கணக்கில் சொன்னதை உங்கள் ஜன்னலோரத்தில் நீங்கள் லென்ஸில் பார்த்துவிட்டீர்கள். என் 26 வருடத்தில் ஓரத்தைத் தானாகப் பிரித்துப் பார்த்த புதியவர்கள் அதிகம் இல்லை. விரல் மாதிரி நீண்டிருக்கிறது என்றீர்களே, மணியில் ஒரு விரிசல் வழியே குழம்பு நுழைந்திருக்கும்.

பேழையில் வைப்பதென்றால் தோலோடு அப்படியே வையுங்கள், உடைந்த பக்கம் முன்னால் இருக்கட்டும். என்றாவது அறுக்கக் கொடுத்தால், தோலும் பச்சையும் ஒரே துண்டில் வரும்படி குறுக்கே ஒரே ஒரு வெட்டு போடச் சொல்லுங்கள். சுற்றிச் செதுக்க விடாதீர்கள், என்னைப் போல ஒருவன் எங்கும் இருப்பான்.

சில்லை ஒரு சின்னப் புட்டியில் போட்டு, கல்லின் எந்த மூலையிலிருந்து வந்தது என்று ஒரு சீட்டு எழுதுங்கள். சித்தப்பாவின் சீட்டையும் அதே புட்டியில் மடித்து வையுங்கள். அந்த இரண்டு சொல்லை அவர் எழுதாமல் போயிருந்தால், இங்கே நாங்கள் யாரும் ஐஃபெல் என்றே ஆரம்பித்திருக்க முடியாது.